மனநோய் மருத்துவமனையில் அறிவுச் சோதனை

திருப்பூணித்துறையை அரசிருக்கையாகக் கொண்ட கொச்சி நாட்டில், 1889-ஆம் ஆண்டு திருச்சூரில் மனநோய் மருத்துவமனை ஏற்பட்டது. மனிதனின் அறிவை அளப்பதற்கு இன்று நாம் அறிந்துள்ள வினாத்தொகுதி அக்காலத்தில் உலகில் எங்கும் இல்லை. பாரிஸ் நகரில் பினேயும் சிமோனும் 1905-இல் வெளியிட்டதே அதன் தொடக்கம். பள்ளியில் பின்தங்கிய சிறுவரைக் கண்டறிய எழுந்த அவ்வினாக்கள் பின்னர் மனநோய் மருத்துவமனைகளிலும் புகுந்தன.

எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்வது அம்முறை. அரியதற்கு விடை கூறுபவர் எளியதற்கும் கூறுவார் என்பது அதன் அடிப்படை. மனச்சிதைவு நோயாளியிடம் இது பலமுறை பொய்த்துவிடுகிறது. எளிய கணக்கில் தடுமாறியவர் அடுத்து வரும் கடுங்கணக்கைச் சட்டென்று போட்டுவிடுகிறார். சில வினாக்கள் தொடர்ந்து தவறினால் சோதனையை நிறுத்திவிடுவது வழக்கமாதலால், அவர் அறிந்தவை கேட்கப்படாமலே போவதும் உண்டு.

நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் உளவியலறிஞர் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வயது வந்தோர்க்கென ஓர் அளவுகோலை வெளியிட்டார். சொற்பொருளும் பொது அறிவும் பெரும்பாலும் நிலைத்து நிற்க, எண்களை நினைவிற்கொள்ளலும் விரைவு வேண்டும் பகுதிகளும் சரிவதை அவர் கண்டார். இவ்விரண்டின் வேற்றுமையே அறிவுத் தேய்வின் அளவு என்று கருதினார். அழகிய கருத்துத்தான், ஆயினும் தனி ஒருவரது நோயை அதனால் துணிய இயலாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சோர்வும் மருந்தும் கல்விக் குறைவும்கூட மதிப்பெண்ணைத் தாழ்த்தும் அல்லவா?

நம் நாட்டில் மொழி என்னும் சிக்கலும் சேர்ந்துகொண்டது. வி. வி. காமத் பினே வினாக்களைக் கன்னடத்திற்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தி, 1940-இல் நூலாக வெளியிட்டார். இவ்வேலையின் அருமையை மொழிபெயர்ப்பாளனாகிய நான் அறிவேன். ஒரு மொழியில் குழந்தைக்கும் தெரிந்த சொல்லுக்கு, மற்றொன்றில் புலவர்க்கே உரிய சொல்தான் கிடைக்கும். அவ்வாறு பெயர்த்தவுடன் வினாவின் கடுமையே மாறிவிடுகிறது. 1955-இல் சி. எம். பாட்டியா அமைத்த ஐந்து செயற்சோதனைகளில் கட்டை அடுக்குதல், படத்துண்டுகளை இணைத்தல் போன்றவை இடம்பெற்றன. ஆகவே சொல்லின் தேவை அங்கே குறைவு. ஆனால் அவை 11 முதல் 16 வயது வரையுள்ள சிறுவரைக் கொண்டு தரப்படுத்தப்பட்டவை.

வெளி மாநிலத்தில் உறவினரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நம்மவர், நோயாளி எம்மொழியில் பயின்றவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் குடிக்கும் நீர். அதற்குப் பொருள் கேட்டால், திருப்பூணித்துறையில் குடியேறிய தமிழர் 'ஆறு பெருகி ஊருக்குள் வருவது' என்பார். விடைத்தாளில் அதற்குச் சுழி விழும்.