பழைய எண், புது எண்

1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. நான் அப்போது புது குமாஸ்தா. பதிவேட்டில் பழைய கோப்பு எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். பழையதை அடித்துவிட்டால் ஒரு கோப்பும் கிடைக்காது.

லினக்ஸ்காரர்களும் இதையேதான் செய்தார்கள். அநேகமாக எல்லா நிரல்களும் நம்பியிருப்பது 'லிப்சி' என்னும் அடிப்படை நூலகம். 1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0 லிப்சி 6-க்கு மாறியது. பழைய நிரல்களுக்காக லிப்சி 5-உம் கூடவே இருந்தது. எண் வேறு என்பதால் மோதல் இல்லை.

டெபியன் வழி வந்ததுதான் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ். அரசு தந்த மடிக்கணினியில் விண்டோஸோடு இருந்ததே, அதுதான். பக்கத்து வீட்டுப் பையன் அதில் வேறெங்கிருந்தோ எடுத்த லிப்சியைப் பழையதன் மேலேயே போட்டுவிட்டான். கோப்புப் பட்டியல்கூட வரவில்லை. பிளஸ் டூ குறிப்பெல்லாம் உள்ளே! பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, பழைய கோப்பைத் திரும்ப வைத்த பிறகுதான் பையன் சாப்பிட்டான்.