சில்லுச் சப்பாத்தின் கதை

பதினெட்டாம் நூற்றாண்டிலே, இலண்டன் விருந்து மண்டபம் ஒன்றில், இசைக்கருவி வினைஞரான யோன் யோசப் மெர்லின் என்பார், தாமே செய்த சில்லுச் சப்பாத்துகளை அணிந்து, வயலின் வாசித்தவாறே உருண்டு வந்தார். திரும்பவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. 500 பவுணுக்கு மேற் பெறுமதியான நிலைக்கண்ணாடியில் மோதி, அதனையும் வயலினையும் நொறுக்கித் தாமும் காயமுற்றார் என்பர்.

அக்குறையை நீக்கியவர் நியூயோர்க் நகரத்துத் தளபாட வணிகர் யேம்ஸ் பிளிம்ப்டன். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற சப்பாத்தில் நான்கு சில்லுகள் இரண்டிரண்டாக அமைந்தன. அச்சுக்கும் அடித்தட்டுக்கும் இடையே இறப்பர் இருந்தமையால், உடல் சாய்ந்த பக்கமே சப்பாத்தும் வளைந்தது. 1866இல் நியூபோர்ட் நகர விடுதியொன்றின் உணவு மண்டபத்தை ஆடுகளமாக்கி, கனவான்களையும் சீமாட்டிகளையுமே அவர் முதலில் அழைத்தார். சிறுவர்க்கே உரிய விளையாட்டு என்ற எண்ணம் பின்னர் வந்ததே!

ஆதலின், 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலே, இளமையிற் கைவிட்ட சப்பாத்துகளை அமெரிக்க நடுவயதினர் மீண்டும் பூட்டிக்கொண்டதைக் கண்டு நகைப்பதற்கில்லை. கடைகளிலே அவை கிடைப்பதும் அரிதாயிற்று. விழுந்தால் எலும்பு முறியும் என்னும் அச்சம் சிறுவயதில் இல்லாததுதான். எனினும், சாய்ந்தால் திரும்பும் என்பதைக் கால்கள் மறந்திருக்கவில்லை.