சதுரக் கட்டு பேலர்: வரலாறும் பழைய பொறியைத் தயார் செய்தலும்

சதுரக் கட்டு பேலர் என்பது, வெட்டிக் காயவைத்த புல்லையோ வைக்கோலையோ வயலிலிருந்து வாரி எடுத்து, அழுத்தி, கயிற்றால் கட்டி வெளியே தள்ளும் வேளாண் இயந்திரம் ஆகும். கட்டுகள் உண்மையில் நீள்செவ்வக வடிவம் கொண்டவை. உருளை வடிவக் கட்டிலிருந்து வேறுபடுத்தவே 'சதுரம்' என்ற பெயர் வழக்கில் உள்ளது. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இவ்வகைப் பொறிகள் அமெரிக்காவின் சிறு பண்ணைகளில் இன்றும் ஓடுகின்றன. இவை ஆண்டில் சில நாட்களே வேலை செய்து, மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்பவை. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் இவற்றைத் தயார் செய்ய வேண்டியுள்ளது. அந்த வேலையில் பெருங்கவனம் பெறுவது முடிச்சுக் கருவி என்னும் சிறு உறுப்பு. அதற்கான காரணம் பேலரின் வரலாற்றிலேயே உள்ளது.

கையால் கட்டிய காலம்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து குதிரைகளை நம்பியிருந்தது. அவற்றுக்கான காய்ந்த புல் வெளியூர்களிலிருந்து வந்தது. தளர்வாக ஏற்றிய புல் அதிக இடத்தை அடைத்ததால், அதை அழுத்திக் கட்டும் பொறிகள் தோன்றின. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரைச் சேர்ந்த டெடரிக் என்பவர், நிறுத்தாமல் தொடர்ந்து அழுத்தும் பொறிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய பொறிகள் ஓரிடத்தில் நிலையாக நிற்க, புல் அவற்றைத் தேடி வந்தது. கட்டைச் சுற்றிக் கம்பியைக் கோத்து முறுக்குவது ஆட்களின் வேலையாக இருந்தது.

பின்னர் டிராக்டர் இழுக்கும் பேலர்கள் வந்தன. வாருவதும் அழுத்துவதும் இயந்திரமயமாயின. ஆயினும் அழுத்தும் அறையின் இருபுறமும் இருவர் அமர்ந்து, தூசியை விழுங்கியபடி, கம்பியைக் கோத்து முறுக்க வேண்டியிருந்தது. முடிச்சுப் போடும் வேலை மட்டும் மனிதக் கையைவிட்டுப் போகவில்லை.

முடிச்சுக் கருவியின் வருகை

இதற்கான தீர்வு தானிய அறுவடைத் துறையில் முன்பே பிறந்திருந்தது. கதிர்களைக் கம்பியால் கட்டும் அறுவடைப் பொறிகள் 1870களில் விற்பனையாயின. கம்பித் துண்டுகள் வைக்கோலோடு கலந்து கால்நடைகளின் வயிற்றுக்குள் செல்கின்றன என்பது அவற்றின் மீதான பெரும் குறை. விஸ்கான்சினில் வளர்ந்த ஜான் ஆப்பிள்பி, பறவையின் அலகு போன்ற சிறு கொக்கியைச் சுழற்றிக் கயிற்றில் முடிச்சிடும் கருவியை உருவாக்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் காப்புரிமை பெற்றார். வில்லியம் டீரிங் போன்ற உற்பத்தியாளர்கள் அதைப் பரப்பினர்.

1930களின் பிற்பகுதியில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்வின் நோல்ட், கயிற்றால் தானே முடிச்சிடும் பேலரை வடிவமைத்தார். நியூ ஹாலந்து நிறுவனம் 1940 அளவில் அதன் உற்பத்தியை ஏற்றது. இருபுறமும் அமர்ந்திருந்த இருவரின் வேலை இயந்திரத்துக்குள் புகுந்தது. குடும்ப ஆட்களை மட்டுமே கொண்ட பண்ணையும் மழைக்கு முன் புல்லைக் கட்டிச் சேர்க்க முடிந்தது.

முடிச்சு விழும் விதம்

கயிற்றின் ஒரு முனையை முடிச்சுக் கருவியின் வட்டு பிடித்திருக்கும். கட்டு வளர வளரக் கயிறு அதைச் சுற்றி நீளும். கட்டின் நீளத்தை ஒரு பல்சக்கரம் அளந்து, உரிய அளவு வந்ததும் கருவியை இயக்கிவிடும். அப்போது வளைந்த ஊசி அறையின் ஊடே எழுந்து, கயிற்றின் மறுபகுதியைக் கொண்டுவந்து சேர்க்கும். அலகுக் கொக்கி ஒரு சுற்றுச் சுழன்று, இரண்டு இழைகளையும் கவ்வும். கத்தி கயிற்றை அறுத்ததும், கொக்கியிலிருந்து கண்ணி வழுக்கிக் கழன்று முடிச்சு இறுகும். அடுத்த கட்டுக்கான முனை வட்டில் தங்கிவிடும். பிளஞ்சர் எனப்படும் அழுத்துதலை முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்க, இவ்வளவும் ஓரிரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

பழைய பொறியைத் தயார் செய்தல்

முதலில் அறையில் தங்கிய பழைய புல்லை நீக்க வேண்டும். அது ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும், எலிகளுக்கும் இடமாகும். துருப்பிடித்த அலகுக் கொக்கியில் கண்ணி வழுக்காது. எனவே அதை நுண்ணிய உப்புத்தாளால் மழமழப்பாக்குவர். பிளஞ்சரின் கத்தியும் அறையின் நிலைக்கத்தியும் கூர்மையாகவும் உரிய இடைவெளியிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது நேர ஒழுங்கு. டிராக்டரை நிறுத்தி, பி.டி.ஓ. தண்டைக் கழற்றிவிட்டு, முடிச்சுக் கருவியைக் கையால் இயக்கநிலைக்கு விடுவர். பிறகு ஃபிளைவீலை மெதுவாகச் சுற்றி, ஊசி பிளஞ்சரின் மேல் இடிக்காமல் அதன் பிளவுக்குள் செல்கிறதா என்று பார்ப்பர். ஒழுங்கு தவறினால் முறிவது ஃபிளைவீலில் உள்ள போல்ட்டாக இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பு. அந்த போல்ட் அடிக்கடி முறிகிறது என்று அதைவிட உறுதியான ஒன்றைப் பொருத்தினால், முறிவது விலைமிக்க ஊசியாகவோ பற்சக்கரமாகவோ இருக்கும்.

சோதனைக் கட்டுகளில் தவறிய முடிச்சு பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கொக்கியிலேயே முடிச்சு தொங்கினால், கொக்கி கரடாகவோ அதன் பிடி இறுக்கமாகவோ இருக்கலாம். ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருந்தால், மற்ற இழை வட்டின் பிடியிலிருந்து நழுவியிருக்கலாம், அல்லது ஊசி அதை உரிய இடத்தில் வைக்காமல் விட்டிருக்கலாம். கயிற்றின் தடிமனை மாற்றினால் பிடியையும் மாற்றி அமைக்க வேண்டும். புல்லின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், நல்ல முடிச்சும் உதவாது. கட்டு பூஞ்சை பிடிக்கும், சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

பொறி ஓடும்போது முடிச்சுக் கருவியின் அருகே கை வைக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பின்னும் ஃபிளைவீல் சிறிது நேரம் சுழலும். அது முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மனிதக் கையை விடுவிக்க வந்த கருவி கையைப் பறித்துவிடாமல் காப்பது அந்தக் காத்திருப்பே.

தமிழ்நாட்டில் அறுவடை இயந்திரம் சென்ற நெல்வயல்களில் வைக்கோலைக் கட்ட உருளைக் கட்டு பேலர்கள் ஓடுகின்றன. அவற்றில் கயிறு சுற்றப்படுகிறதே அன்றி முடிச்சிடப்படுவதில்லை. சதுரக் கட்டுக்கோ முடிச்சே உயிர். ஆப்பிள்பி வடித்த அலகு அதற்காக இன்றும் சுழல்கிறது.