எல்லிஸ் துரையும் ஒரு பொய்ச் சுவடியும்

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் விரியும் வானம் பார்த்த பூமியில், எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில், அம்மையை நோய் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. 'அம்மா வந்திருக்கிறாள்' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகப்படும். வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன். இன்று வருவது சின்னம்மை. பெரியம்மை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்துவிட்டது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன், பெரியம்மைக்கு எதிராக ஒரு புதிய மருந்தைக் கொண்டுவந்த கும்பினி அரசு, இம்மக்களிடம் எந்த மொழியில் பேசியது?

ஜென்னர் தம் ஆய்வை 1798-இல் வெளியிட்டார். வியன்னா, பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பசு அம்மைப் பால் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது 1802-இல். ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையைக் கீறி ஏற்றுவதே அன்றைய முறை. எந்தச் சாதிக் குழந்தையின் நீர் எந்தச் சாதிக் குழந்தைக்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. வெயிலில் மருந்து வீரியமிழந்து, அம்மை குத்தியும் பயனற்றுப் போவதும் உண்டு. ஆகவே மக்களின் தயக்கம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் எல்லிஸ் வருகிறார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் நிறுவியவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், சென்னையில் வெட்டிய கிணற்றுக் கல்வெட்டில் தமிழ்ச் செய்யுள் பொறித்தவர் என்றே இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேவியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதையை அவர் இயற்றினார். பஞ்சகவ்வியத்தோடு ஆறாவதாகப் பசு தரும் கொடையே இந்த அம்மைப் பால் என்பது அதன் சாரம். அவர் வடமொழியில் செய்யுள் புனைந்ததாகவும், அதைப் பழைய தாளில் எழுதிக் கண்டெடுத்ததாகச் சொன்னதாகவும் அக்கால ஆங்கிலேயர் குறிப்பு ஒன்று கூறுகிறது. பழைமை என்றால் பிராமணர்கள் நம்புவார்கள் என்பது கணக்கு.

1819 ஜனவரி 12-ஆம் தேதி 'மெட்ராஸ் கூரியர்' இதழில், கல்வியை விரும்புபவர் என்று பொருள்படும் தமிழ்ப் புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. பசு அம்மை குத்துவதைத் தன்வந்திரியே சொல்லியிருக்கிறார் என்றது அது. இரண்டு மாதங்களுக்குள், மார்ச்சில், எல்லிஸ் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சருந்தி இறந்துபோனார். இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள இந்தத் திருச்சுழிச் சீமை 1985 வரை அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

சான்றை எப்படி எடைபோடுவது? பசு அம்மை குத்துவதைச் சொல்லும் பழஞ்சுவடி எதுவும் கிடைக்கவில்லை. அம்மைப் பால் இங்கேயே கிடைத்திருந்தால் வியன்னாவிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. வங்கத்தில் மனித அம்மைச் சீழையே கீறி ஏற்றும் பழைய முறை இருந்தது உண்மை. ஆனால் அது வேறு, இது வேறு. இக்கூற்றுகளை ஆராய்ந்து டொமினிக் வுயாஸ்திக் 1987-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'நல்லெண்ண மோசடி' என்ற பொருளில் அமைந்தது.

மோசடி எல்லிஸோடு முடியவில்லை. சென்னை மாகாணத்துக்கே அம்மைப் பால் தயாரித்த கிண்டி கிங் நிலையத்தின் கட்டடத்தை 1905-இல் ஆளுநர் ஆம்ப்தில் திறந்துவைத்தார். இந்தியர்களுக்கு அம்மை குத்துவது முன்பே தெரிந்திருந்தது என்று, கர்னல் கிங்கை ஆதாரம் காட்டித் தன்வந்திரியின் பெயரால் அவர் பேசினார். இந்தியரை நம்பவைக்கச் செய்த பொய்யை, எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேய ஆளுநரே நம்பினார். பின்னர் அது தேசியப் பெருமைப் பட்டியல்களிலும் ஏறிக்கொண்டது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் சொல்கிறார். குறளில் தோய்ந்த எல்லிஸுக்கு அது தெரியாதிருக்க வழியில்லை. ஆனால் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை அவர் கவனித்தாரா? அம்மை குத்திய பிள்ளைக்குப் பெரியம்மை வரவில்லை என்பது எந்தத் தெருவிலும் காட்டக்கூடிய சான்று. அதை விட்டுவிட்டு, சுவடியில் இருந்தால்தான் மருந்து மெய் என்று அவர் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடம் அம்மையைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்கள் முன்னிலையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தடுப்பூசி காரணமல்ல என்று உடனே சொன்னார்கள். ஆராய்ந்த மத்தியக் குழுவும் பின்னர் அதையே உறுதிசெய்தது. ஆனால் அந்த முடிவு வந்தபோது மாதங்கள் கடந்திருந்தன. வதந்தி அதற்குள் ஊர் ஊராகச் சென்று திரும்பியிருந்தது. அந்த இடைவெளியில் அரசு சொல்லியிருக்கக்கூடிய நேர்மையான வாக்கியம் ஒன்றுண்டு: 'இதுவரை தெரிந்தது இது, மற்றதை விசாரிக்கிறோம், தெரிந்ததும் நாங்களே வந்து சொல்கிறோம்.' பழஞ்சுவடிக்கு இருக்கும் கவர்ச்சி அந்த வாக்கியத்துக்கு இல்லை. ஆனாலும் வேப்பிலை செருகிய வாசலில் நின்று சொல்லத் தகுந்தது அதுவே என்று நாம் கருதுகிறோம்.