படியெடுத்த கைகள்

பனையோலைக்கும் ஆயுள் உண்டு. ஈரமும் செல்லும் அதனை விடுவதில்லை. எத்துணைப் பேணினும் சில நூற்றாண்டுகளில் ஓலை ஒடிந்து உதிர்ந்துபோம். ஆயினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டுக்கள் இன்றும் நம்மிடையே வழங்குகின்றன. ஓலை நிலைத்ததனால் அன்று. ஓலை மாய்வதற்கு முன்னர் மற்றோர் ஓலையில் அதனைப் பெயர்த்தெழுத ஒரு கை இருந்ததனாலேயே அவை நிலைத்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, அவ்வாறு எஞ்சிய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை அச்சேற்றியது 1887ஆம் ஆண்டில்.

அதே ஆண்டில் பாரிஸ் நகரிலும் ஒருவர் படியெடுத்துக்கொண்டிருந்தார். அவர் வின்சென்ட் வான்கோ என்னும் ஒல்லாந்த ஓவியர். யப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட இரண்டு நிலக்காட்சிகள் அவர் கைக்கு எட்டியிருந்தன. ஒன்று பூத்து நிற்கும் பிளம் மரத் தோட்டம். மற்றொன்று மரப்பாலத்தின் மீது திடீரெனப் பொழியும் மழை. பிளம் மரக் காட்சியின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளைப் பெயர்த்து, கட்டமிட்டு அளந்து, பெரிதாக்கித் துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். கட்டமிட்ட அந்தத் தாள் இன்றும் ஆம்ஸ்ரடாம் நகரில் உள்ளது. யப்பானிய மொழி அறியாதவராயினும், பிற அச்சோவியங்களிலிருந்த எழுத்துக்களைப் பார்த்து ஓவியத்தின் ஓரங்களிலும் எழுதினார்.

அவர் படியெடுத்த மூலமும் உண்மையில் ஒரு படியே என்பது வியப்புக்குரியது. யப்பானிய அச்சோவியம் ஒருவர் ஆக்கம் அன்று. ஓவியர் மெல்லிய தாளிற் கோடு வரைவார். செதுக்குவோர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையிற் குப்புற ஒட்டி, கோட்டை விட்டு எஞ்சிய இடத்தைக் குடைந்தெடுப்பார். பின்னர் வண்ணத்துக்கு ஒரு பலகையாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளிற் பதிப்பார் அச்சிடுவோர். ஓவியர் கைப்பட வரைந்த தாளோ செதுக்கும்போதே அழிந்துவிடும். ஹொக்குசாய் என்னும் பேரோவியர் ஒரு நூலுக்கென வரைந்த 103 சித்திரங்களைப் பிரித்தானிய நூதனசாலை 2020இல் வாங்கியது. அந்நூல் அச்சேறாமல் நின்றமையினாலேயே அவை தப்பின! மூலம் தன்னை அழித்துக்கொண்டு படிகளாய்ப் பிறப்பதே அக்கலையின் இயல்பு.

இக்கலையுலகிலிருந்து பாரதத்துக்கு வந்தவர் ஆராய் காம்போ. பழைய ஓவியங்களை அச்சிட்டு வெளியிட்ட ‘கொக்கா’ என்னும் கலை இதழுக்காக அவற்றைப் பார்த்தெழுதிப் பயின்றவர் அவர். 1916இல் யப்பான் சென்ற இரவீந்திரநாத தாகூர், யோகொஹாமாவில் ஹாரா தோமித்தாரோ என்னும் பட்டு வணிகரின் மாளிகையிற் தங்கினார். அங்கே ஷிமோமுரா கன்சான் தீட்டிய ‘யொரொபோஷி’ என்னும் மடிப்புத் திரை ஓவியம் கவிஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. பிளம் மரத்தின் கீழ் நின்று, தான் காணவியலாத மறையும் ஞாயிற்றைக் கைகூப்பித் தொழும் பார்வையற்ற இளைஞனின் தோற்றம் அது. அதனைத் தமக்கெனப் படியெடுத்துத் தருமாறு தாகூர் வேண்ட, காம்போ எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டிலேயே அவர் கல்கத்தா வந்து இளம் ஓவியர்க்கு யப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார். பின்னர் அஜந்தாக் குகைகளிற் தங்கிச் சுவரோவியங்களைப் படியெடுத்துத் தாயகம் மீண்டார்.

பார்த்தெழுதுதல் தாழ்ந்த தொழில் என்று கருதுவார் உளர். யாழ்ப்பாண மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி அவ்வாறு கருதினாரல்லர். 1917 முதல் பொஸ்ரன் நூதனசாலையிற் கீழைக் கலைகளைப் பேணிய அப்பெரியார், கருத்துக்கு உடைமையாளர் இல்லை என்றும், பழைய கருத்தையே ஒருவன் உள்வாங்கித் தனதாக்கிச் செய்வானாயின் அதுவும் புத்தாக்கமே என்றும் விளக்கினார்.

காம்போவின் படிகளுக்கு நேர்ந்த கதி யாது? தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட அஜந்தாப் படிகள் 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை அடுத்து எழுந்த தீயில் அழிந்தன. மூலம் அஜந்தாவில் இருந்தமையால் உலகம் முற்றும் இழந்துவிடவில்லை. 1940இல் ஹோர்யூஜி ஆலயத்துச் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணி தொடங்கியபோது, முதுமை எய்தியிருந்த காம்போ அதில் ஈடுபட்டு, 1945இல் அது முற்றுப்பெறுமுன் காலமானார். 1949 ஜனவரி 26ஆம் நாள் அவ்வாலயத்திற் தீப்பிடித்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடைய ஓவியங்கள் கருகின. இம்முறை மூலம் போயிற்று, படி எஞ்சிற்று. ஓவியர்கள் எழுதி வைத்திருந்த படிகளும் 1935இல் எடுக்கப்பெற்ற நிழற்படங்களும் துணைநிற்க, 1967-68இல் அச்சுவரோவியங்களைப் புதிதாக எழுதி நிறுவினர்.

மூலமும் படியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்னாகும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறிடங்களிற் படியிருந்த நூல்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. கட்டடமும் மீண்டும் எழுந்தது. வேறு படியில்லாத ஏடுகளோ மீளவேயில்லை. 2005இல் இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் பெயரில் ஈழத்து நூல்களை மின்வடிவிற் படியெடுக்கத் தொடங்கினர். எழுத்தாணியும் தூரிகையும் செய்த வேலையையே இன்று அக்கருவி செய்கிறது.

படியெடுக்கும் கை தன் பெயரை நிறுவ முயல்வதில்லை. தாமோதரம்பிள்ளை தேடிய ஓலைகள் பலவற்றை எழுதியவர் யாவர் என்று இன்று அறிய வழியில்லை. ஆயினும் அவர் எழுதாதிருந்தால், கலித்தொகை என்னும் பெயர் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும். நம் வீட்டுப் பரண்களில் இன்னும் ஏடுகள் சில கிடக்கின்றன. அவற்றுக்குப் படி எடுத்துவிட்டோமா?