பிறர் வீட்டுக் கணக்கு

காளவாசல் என்றால் எங்கள் பக்கத்தில் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகிற சூளை. மதுரைக்கு மேற்கே உள்ள காளவாசலில் இன்று சூளையும் இல்லை, புகையும் இல்லை. தேனிச் சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கிற அந்த நாற்சந்தியின் தலைக்கு மேல், 2020-ல் திறந்த மேம்பாலம்தான் இருக்கிறது. பாலத்தின் இரைச்சலுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில், ஒரு மாடிப் போர்ஷனில், மாலை ஆறரை மணிக்கு ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். நமக்கு ஆறரை மணி என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி. அங்கே கடை திறக்கும் நேரம். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக் கொள்வதால் இவளும் ஏழரைக்கு உட்காருவாள்.

முகம் பாராத ஒரு வியாபாரிக்கு வந்த தபால்களைப் படித்து, பதில் எழுதி, யாரை எப்போது சந்திப்பது என்று நாள் குறித்து, பில் போட்டு, பாக்கிக்காரர்களுக்குப் பதமாக நினைவூட்டுவது அவள் வேலை. ஆங்கிலத்தில் 'வர்ச்சுவல் அசிஸ்டெண்ட்' என்கிறார்கள். அந்தப் பெயர் அவளுடைய மாமியாருக்கு வாயில் நுழையவில்லை.

"ஏந்தம்பி, நீங்க எழுதுறவரு, உங்களுக்குத் தெரியும். எம்மருமக பாக்குற வேலைக்குப் பேரு என்ன? கேக்குறவுகளுக்கு என்னன்னு சொல்றது?" என்று அந்த அம்மாள் ஒரு நாள் என்னைக் கேட்டுவிட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, வேலை ஒன்றும் புதிதல்ல, மிகவும் பழையது என்று தோன்றியது.

பிறருக்காக எழுதுவதும், பிறர் கணக்கைப் பார்ப்பதும், பிறர் ரகசியத்தைக் காப்பதும் நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு தொழில். கிராமத்துக் கணக்குப்பிள்ளையை எடுத்துக் கொள்ளுங்கள். யாருக்கு எந்தச் சர்வே நம்பர், எவ்வளவு தீர்வை, எந்த வயலில் என்ன தகராறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். பரம்பரையாக வந்த அந்த உத்தியோகத்தை 1980 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. கொடுத்தவர்கள் கையை எடுத்ததும், திண்ணைகள் வெறும் திண்ணைகளாகிவிட்டன.

அதற்கும் முந்திய ஒருவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் 1747-லிருந்து தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆனால் பாஷை பெயர்ப்பது மட்டுமா அவர் வேலை? யார் வந்தால் உள்ளே விடுவது, எந்தக் கடிதத்துக்கு எந்த மரியாதையில் பதில் போடுவது, யாரிடம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. பிறருக்கு இத்தனை காரியம் பார்த்த மனிதர் தமக்கென்று இரண்டு விஷயங்களை வைத்துக் கொண்டார். ஒன்று, சொந்த வியாபாரம். 'ஆனந்தப் புரவி' என்று ஒரு கப்பலே அவருக்கு இருந்தது. மற்றொன்று, 1736-ல் எழுதத் தொடங்கிய தினக்குறிப்பு. டூப்ளே 1754-ல் கப்பலேறிப் போனார். பிள்ளையின் பதவியும் 1756-ல் போயிற்று. 1761 ஜனவரியில் பிள்ளை காலமானார். அதே மாதம் புதுச்சேரியே ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கவர்னர்களின் அதிகாரமெல்லாம் காற்றில் போக, உதவியாளர் எழுதி வைத்த குறிப்புத்தான் நமக்கு மிஞ்சியது.

பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தது ஒரு யந்திரத்தின் பின்னால். அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் டைப்ரைட்டருக்கு 1868-ல் காப்புரிமை வாங்கினார். 1874-ல் ரெமிங்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கொஞ்ச காலத்திலேயே அங்கே 'டைப்ரைட்டர்' என்ற சொல் யந்திரத்தையும் குறித்தது, அதன் முன்னால் உட்கார்ந்த பெண்ணையும் குறித்தது. மனிதருக்கும் யந்திரத்துக்கும் ஒரே பெயர்! அந்தப் பெயரில் இருக்கிற அவமானத்தை அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் 1955-ல் காத்ரெஜ் கம்பெனி சொந்தமாகவே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியது. மாடிப்படி ஏறிப் போகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இல்லாத கடைத்தெரு அக்காலத் தமிழ்நாட்டில் அபூர்வம். எஸ்.எஸ்.எல்.ஸி. முடித்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை அங்கே ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர். 45 அடித்தால் ஹையர். பாஸ் செய்தவர்களில் சிலருக்கு ஆபீஸில் இடம் கிடைத்தது. பலருக்குச் சர்டிபிகேட் பெட்டிக்குள் போயிற்று. இன்னும் சிலர் பழைய மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கி, வீட்டுக் கூடத்தில் போட்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று 'ஜாப் டைப்பிங்' செய்தார்கள். காளவாசல் பெண்ணின் தொழிலுக்கு நேர்ப் பாட்டி அந்தக் கூடத்து மெஷின்தான் என்று சொல்வேன். பக்கத்துக்குக் கூலி கிடைத்தது. ஆனால் பக்கத்தைக் கொண்டு வருகிறவர் இந்தத் தெருவிலிருந்தோ அடுத்த தெருவிலிருந்தோதான் வர வேண்டும். ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் வியாபாரம்.

தெருவைத் தாண்டி இந்தத் தொழிலை நடத்திக் காட்டியவர் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி. ஸ்டெபனி ஷெர்லி என்று பெயர். யூதக் குடும்பத்துக் குழந்தை. ஹிட்லரிடமிருந்து தப்புவதற்காக 1939-ல் ரயிலேற்றி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒருத்தி. அப்போது வயது ஐந்து. 1962-ல் ஆறு பவுன் முதல் போட்டு, தம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேலையை விட்ட படித்த பெண்களைத் தேடிப் பிடித்தார். அவரவர் வீட்டிலிருந்தே வேலை. தபாலும் டெலிபோனும்தான் இணைப்பு. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள்.

கம்பெனிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார். 'ஸ்டெபனி' என்று கையெழுத்திடாமல் 'ஸ்டீவ்' என்று போட்டார். ஆண் எழுதிய கடிதம் என்று நினைத்துப் பதில்கள் வரத் தொடங்கின! வாடிக்கைக்காரரோடு டெலிபோனில் பேசும்போது பின்னால் குழந்தை அழுதால் என்ன செய்வது? டைப் அடிக்கும் சத்தத்தை டேப்பில் பதிந்து வைத்து அதை ஓடவிடுவாராம். ஆபீஸ் போல் கேட்கும். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு வேண்டிய புரோகிராமை எழுதியவர்கள் அவருடைய பெண்கள்தான். பிற்பாடு பங்குகளை ஊழியர்களுக்கே கொடுத்தார். அவர்களில் 70 பேர் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். 2025-ல் அவர் காலமானார். அவர் கதையில் லாபக் கணக்கைக் காட்டிலும் அந்த டேப்தான் என் மனத்தில் நிற்கிறது. குழந்தையின் அழுகையை மறைக்க யந்திரத்தின் சத்தம்!

நம் மதுரை ஜில்லாவிலும் ஒரு பரீட்சை நடந்தது. 2001 நவம்பரில், மேலூர்த் தாலுகாவின் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து செய்த காரியம். ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையில் கிராமங்களுக்கு இணைப்புப் போயிற்று. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் கடன் வாங்கி, கம்ப்யூட்டரும் காமிராவும் பாட்டரியும் வாங்கி வைத்து, தாங்களே மையத்தை நடத்தினார்கள். ஜாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மேலூர் ஆபீஸுக்கு மனுவை அங்கிருந்தே அனுப்பலாம். பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் மிச்சம். கண்ணில் கோளாறு என்றால் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். உலகமே மேலூரைப் பார்த்தது.

சில வருஷங்களுக்குள் பல மையங்கள் மூடிவிட்டன. மனுக்களை ஊக்கத்தோடு வாங்கிய அதிகாரிகள் மாறினார்கள். வந்தவர்களுக்கு அந்த ஊக்கம் இல்லை. மெஷின் பழுதானால் பார்க்க ஆள் இல்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. யந்திரம் இருந்தது, பிடித்து நடத்தும் கையும் இருந்தது; இடைவிடாமல் வேலை கொடுத்துக் காசும் கொடுக்கிற வாடிக்கைக்காரர் மட்டும் இல்லை. கிராமத்தில் இருப்பவர்களையே நம்பிக் கிராமத்து மையம் எத்தனை நாள் ஓடும்?

வாடிக்கைக்காரர் வேறு திசையிலிருந்து வந்தார். 2005-ல் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் சொந்தக் காரியங்களைப் பெங்களூரில் இருந்த இரண்டு கம்பெனிகளின் உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்து, அந்த அனுபவத்தை 'எஸ்கொயர்' பத்திரிகையில் எழுதினார். சாமான் வாங்குவது, கடிதம் எழுதுவது, மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் பெங்களூர் பொறுப்பு. கடைசியில் ஒரு விஷயத்துக்காகத் தமக்குப் பதிலாகக் கவலைப்படும்படியும் சொல்லிவிட்டார்! கட்டுரை வேடிக்கையானது. ஆனால் படித்தவர்கள் சிரித்துவிட்டு, தங்களுக்கும் ஓர் ஆள் கிடைக்குமா என்று தேடினார்கள்.

2007-ல் ஸலோனி மல்ஹோத்ரா, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 'தேசிக்ரூ' என்ற கம்பெனியைத் தொடங்கி, இப்படிப்பட்ட வேலையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே கொண்டு போனார். கம்பெனி ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு டெலிபோன் இலாகாவின் நிபந்தனைகள் வெகுகாலம் குறுக்கே நின்றன. தொற்றுநோய் வந்த 2020-ல் முதலில் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அந்த வருஷம் நவம்பரில் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்தே விட்டார்கள். வீட்டுக் கூடம் ஆபீஸாக இருக்கலாம் என்று சர்க்காரே ஒப்புக் கொண்டது.

அதே தொற்றுநோய்க் காலத்தில்தான் காளவாசல் பெண்ணும் தொடங்கினாள். முதல் வாடிக்கைக்காரர் மூன்று மாதம் வேலை வாங்கி ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார். கேட்டதற்குப் பதில் இல்லை. கடல் கடந்து போய் யாரிடம் முறையிடுவது? அதிலிருந்து கற்றுக் கொண்டாள். இப்போது மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் பேசி, முன்பணம் வந்த பிறகே கை வைக்கிறாள். ஒருவரை மட்டும் நம்பாமல் மூன்று பேர். பாஸ்வேர்டைக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்குவதில்லை. தன் வேலைக்கு வேண்டிய அறையை மட்டும் திறந்துவிடச் சொல்கிறாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ஒரு லைன் அறுந்தால் இன்னொரு லைன். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் தேதி, காரியம், எத்தனை நிமிஷம் என்று தினமும் எழுதுகிறாள். வாடிக்கைக்காரரோடு தகராறு வந்தால் அந்த நோட்டுப் பேசும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு எனக்கு வந்ததே அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

பெயர் விஷயமும் ஒன்று உண்டு. முதல் வாடிக்கைக்காரருக்கு அவளுடைய பெயர் நீளமாக இருந்ததாம். இரண்டெழுத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயரை வைத்தார். ஒரு வருஷம் அந்தப் பெயரில் கையெழுத்திட்டாள். இரண்டாமவர் வந்தபோது, "என் பெயரை எழுதிப் பழகிக் கொள்ளுங்கள், கஷ்டமில்லை" என்று எழுதினாள். பழகிக் கொண்டார். ஸ்டெபனிக்கு 1962-ல் கிடைக்காத ஒன்று இவளுக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாளைப் பார்த்தபோது, "உங்கள் மருமகள் கணக்குப்பிள்ளை. அப்படியே எல்லோரிடமும் சொல்லுங்கள்" என்றேன்.

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஊரான் வீட்டுக் கணக்க இவ பாக்குறா, சரிதான். இந்த வீட்டுக் கணக்க யாரு தம்பி பாக்குறது? ராத்திரி பதினொரு மணிக்கு எந்திரிச்சு வந்துல்ல பாத்திரம் கழுவுறா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. துபாஷிக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. அவர் வீட்டில் வேறு யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

அன்று மாலை அந்தச் சந்து வழியாக வந்தேன். மணி ஆறரை இருக்கும். அம்மாள் பேரனை இடுப்பில் தூக்கிக் கொண்டு படியிறங்கி வந்து, பாலத்தில் போகிற பஸ்ஸை அவனுக்குக் காட்டிக் கொண்டிருந்தார். பின்னாலேயே மகன் இறங்கி வந்தான். "நீ போயி அந்தப் பாத்திரத்தப் போட்டு வையி. அவளுக்கு நேரமாச்சு" என்றார் அவனிடம்.