பன்னிரண்டு இடங்கள்: சேர்க்கை வரிசையும் ஒப்புதல் அதிகாரமும்

மாதேஸ்வரன் மலையிலிருந்து மேட்டூர் நோக்கி இறங்கும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டிப் பாலாறு என்றொரு சிற்றூர் இருக்கிறது. வேலூர் வழியே ஓடும் பாலாற்றுக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. இது காவிரியில் கலக்கும் வேறொரு சிற்றாறு. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கும் இப்பகுதி 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன், 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வரும்வரை, கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வட்டங்களைப் பிரித்த ஓர் எல்லைக்கோடு ஒரே நாளில் மாநிலங்களைப் பிரிக்கும் கோடாயிற்று.

இம்மாற்றத்தை ரேஷன் அட்டை, நில ஆவணம், பள்ளியின் பயிற்றுமொழி ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வதே வழக்கம். கல்லூரிச் சேர்க்கையைக் கொண்டும் ஆராயலாம். இவ்வட்டத்து இளைஞர் ஒருவர் 1950-இல் மருத்துவம் படிக்க விரும்பியிருந்தால் சென்னையின் வரிசையில் நின்றிருப்பார். அவருடைய தம்பி 1962-இல் விரும்பியிருந்தால் மைசூரின் வரிசையில் நின்றிருப்பார். இரண்டு வரிசைகளுக்கும் விதிகள் வேறு. ஆனால், வரிசைக்கு வெளியே இருந்து ஒருவரை உள்ளே அழைக்கும் அதிகாரம் இரண்டிலும் ஏதேனும் ஒரு வடிவில் இருந்தது. அவ்வதிகாரம் கைமாறியும் வடிவம் மாறியும் வந்த கதையே இந்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கை வரலாற்றின் பெரும்பகுதி எனலாம்.

1857-இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் அடிப்படையில் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் 1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அதனுடனேயே இணைந்திருந்தன. பல்கலைக்கழகம் வகுத்தது தகுதியை மட்டுமே. எந்த மாணவருக்கு இடம் கொடுப்பது என்பது கல்லூரி முதல்வரின் கையில் இருந்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தபோது இத்தனி அதிகாரம் கேள்விக்குள்ளாயிற்று. சென்னையில் நீதிக்கட்சி அரசு 1922-இல் கல்லூரிகளில் சேர்க்கைக் குழுக்களை அமைக்க ஆணையிட்டது. முதல்வரின் பேனாவைக் குழுவின் பேனாவாக்கிய முதற்படி அது.

அடுத்த படி வகுப்புவாரி அரசாணை. அரசுப் பணி நியமனங்களில் தொடங்கிய அம்முறை தொழிற்கல்விச் சேர்க்கைக்கும் விரிந்தது. 1950 வாக்கில் நடைமுறையிலிருந்த பங்கீட்டின்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என வகுக்கப்பட்டிருந்தது. இதனை எதிர்த்துச் சம்பகம் துரைராஜனும் சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-இல் ஆணையைச் செல்லாததாக்கியது. அதன் விளைவாக அதே ஆண்டு ஜூனில் முதலாம் அரசியலமைப்புத் திருத்தம் வந்ததும், 15(4) என்னும் உட்பிரிவு சேர்ந்ததும் பரவலாக அறியப்பட்டவை.

பரவலாகப் பேசப்படாத ஒரு செய்தி அத்தீர்ப்பின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது. மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் 330 இடங்கள். அவற்றுள் 17 வெளிமாநில மாணவர்களுக்கு, 12 அரசின் விருப்புரிமைக்கு. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395 இடங்கள். அவற்றுள் 21 வெளிமாநில மாணவர்களுக்கு, இங்கும் 12 அரசின் விருப்புரிமைக்கு. எஞ்சியவை மட்டுமே மாவட்டத் தொகுதிகளுக்கும் வகுப்புகளுக்கும் பகிரப்பட்டன. 14 இடங்களின் பங்கீடு எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. 12 இடங்கள் யாருக்கு, எதன் அடிப்படையில் என்பதற்கு அப்படியொரு சூத்திரம் இல்லை. வழக்கின் வாதம் முழுவதும் எழுதப்பட்ட விதியைச் சுற்றியே நடந்தது. எழுதப்படாத 12 வெறும் புள்ளிவிவரமாகக் கடந்து சென்றது. மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும் எண்ணிக்கைதான். எனினும், விதி எவ்வளவு இறுக்கமாயினும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கதவு திறந்தே இருக்கும் என்பதற்கு அதுவே ஆவணச் சான்று.

எல்லை மாறியபின் கொள்ளேகால் வட்டத்தார் சேர்ந்த மைசூர் மாநிலத்துக்கும் தனியொரு மரபு உண்டு. 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் அமைந்த குழு, பிராமணரல்லாதார் அரசுப் பணியில் உரிய பங்கு பெறும் வழிகளை ஆராய்ந்தது. விரிவடைந்த மைசூர் மாநிலம், நாகன கௌடா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1962 ஜூலை 31-இல் ஓர் ஆணை வெளியிட்டது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 22, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 3 என 68 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பாலாஜி எதிர் மைசூர் அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே அதனை நீக்கியது. ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும் என்னும் கருத்து அங்கிருந்தே வேர்விட்டது.

அதன்பின் மைசூரில் நிகழ்ந்தது நோக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டில் தொழிலும் வருமானமும் பிற்பட்ட நிலையின் அளவுகோல்களாயின. அத்துடன், விருப்பப் பாடங்களின் உச்ச மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அளவுக்கு நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தது. பொது அறிவு, ஆளுமை போன்றவற்றைச் சில நிமிட உரையாடலில் அளக்கும் பொறுப்பு தேர்வுக்குழுவுக்குக் கிடைத்தது. சித்ரலேகா வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. சில இடங்களாகத் தனித்து நின்ற விருப்புரிமை, இப்போது ஒவ்வொரு விண்ணப்பதாரரின் மொத்த மதிப்பெண்ணுக்குள்ளும் ஒரு பகுதியாகக் கரைந்தது.

சென்னையின் அனுபவமும் இதற்கு இணையாகவே சென்றது. மாவட்டவாரி மருத்துவ இடப் பங்கீடு 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் வீழ்ந்தது. அடுத்து, கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, அலகுதோறும் தனித்தனிக் குழு நேர்முகம் நடத்தி, 75 மதிப்பெண் வரை வழங்கும் முறை வந்தது. 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் அலகுவாரித் தேர்வும் வீழ்ந்தது. ஒரே அளவுகோலை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கையால் பிடித்தால் அது ஒரே அளவுகோலாக இராது என்பதே அதன் சாரம். 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, இரண்டு மூன்று நிமிட நேர்முகத்துக்கு 50 என்றிருந்த ஏற்பாட்டைக் கண்ட நீதிமன்றம், நேர்முக மதிப்பெண் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரையறுத்தது.

அக்கதவு குறுகியதும் பணம் வேறொரு கதவைத் திறந்தது. தனியார் தொழிற்கல்லூரிகள் பெருகிய கர்நாடகத்தில் கட்டாய நன்கொடையைத் தடுக்க 1984-இல் சட்டம் வந்தது. ஆயினும், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000 வரை, வெளிமாநில மாணவருக்கு 60,000 வரை என்னும் கட்டண அடுக்கே 1992-இல் மோகினி ஜெயின் வழக்குக்குக் காரணமாயிற்று. 1993-இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, இலவச இடம், கட்டண இடம் ஆகிய இரண்டையும் தரவரிசைப்படியே நிரப்பவேண்டும் என்றது. அச்சூழலில்தான் கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வும் மையப்படுத்திய இட ஒதுக்கீடும் உருப்பெற்றன. உன்னிகிருஷ்ணன் திட்டத்தை 2002-இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு விலக்கியபின், நிர்வாக ஒதுக்கீடு சட்டத்தின் நிழலில் நிலைபெற்றது.

தமிழ்நாட்டில் 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால், 1990களின் பிற்பகுதியில் பொறியியலுக்கு வந்த ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு நிலைத்தது. அதன் வலிமை கணக்கில் மட்டும் இல்லை, காட்சியிலும் இருந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கூடிய குடும்பங்கள், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் எஞ்சியிருக்கிறது என்பதைத் திரையில் பார்த்தன. தனக்கு முன்னால் நிற்பவர் எடுத்தபின் ஓர் எண் குறைவதைப் பின்னால் நிற்பவர் கண்ணால் கண்டார். கட்-ஆஃப் மதிப்பெண் முதலிய அளவுகள் எல்லாம் சமமானால், இறுதியில் முன்கூட்டியே வழங்கப்பட்ட ரேண்டம் எண்ணே வரிசையைத் தீர்மானித்தது. குருட்டு எண்தான், ஆனால், யாருடைய சிபாரிசையும் அறியாத எண். 2018-இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபோது பயணச் செலவு மிஞ்சியது. எண் குறைவதைக் கூட்டமாக நின்று காணும் அனுபவம் மறைந்தது.

கணித உலகிலும் இதே சிக்கல் ஆராயப்பட்டது. மைசூர் ஆணை வீழ்ந்த அதே 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி ஆகியோர் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். மாணவர் தம் விருப்ப வரிசைப்படி விண்ணப்பிக்க, கல்லூரி தற்காலிகமாக ஏற்று, மேலான தரவரிசையினர் வந்தால் மட்டும் முன்னவரை விடுவிக்கும் முறை அது. முடிவில், தன்னினும் கீழான தரவரிசையினர் தான் விரும்பிய இடத்தில் அமர்ந்திருப்பதாக எவரும் முறையிட இயலாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு 2015 முதல் நடக்கும் கூட்டு ஒதுக்கீடு இக்கருத்தை அடியொற்றியதே.

கல்லூரி வாயிலுக்கு ஏற்பட்ட இத்தனைக் கட்டுப்பாடும் வகுப்பறை வாயிலுக்கு இன்னும் ஏற்படவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலுக்குப் பின் விருப்பத் தேர்வு அடிப்படையிலான மதிப்பலகு முறை நாடெங்கும் பரவியது. 2021-இல் மதிப்பலகு வங்கியும் வந்தது. பட்டத்துக்குள் நுழைந்த மாணவர், ஒவ்வொரு பருவத்திலும் தாளுக்குத் தாள் மீண்டும் வரிசையில் நிற்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக வழங்கும் ஏற்பாட்டின் பொது அமைப்பு இதுதான்: பதிவுச் சாளரம் மூத்த மாணவர்க்கு முதலில் திறக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் உச்ச எண்ணிக்கை உண்டு, நிரம்பியபின் வருவோர் காத்திருப்போர் பட்டியலில் சேர்வர், ஒருவர் விலகினால் அடுத்தவர் ஏறுவார், குறித்த நாளில் பட்டியல் காலாவதியாகும். அதற்குப் பின்னரோ, முன்தகுதித் தாள் இல்லாதபோதோ, ஆசிரியர் ஒருமுறை மட்டும் செல்லும் ஒப்புதல் குறியீட்டை வழங்கினால் மாணவர் உள்ளே வரலாம். இந்தியத் துறைகளில் அதே பணியைத் துறைத்தலைவரின் கையொப்பம் செய்கிறது.

இந்த ஒப்புதல் தேவையற்றது எனக் கூறிவிட முடியாது. இறுதிப் பருவத்தில் ஒரே ஒரு தாள் குறைவதால் பட்டம் தள்ளிப்போகும் மாணவரைக் கணினியின் வரிசை அறியாது. முன்தகுதித் தாளை வேறு நிறுவனத்தில் வேறு பெயரில் பயின்றவரையும் அது அறியாது. விதி காணாததை மனிதர் காண்பதற்கே விருப்புரிமை. ஆனால், 1951-இன் 12 இடங்கள் எழுப்பும் கேள்வி இங்கும் எழுகிறது: காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பணி நியமனம் பற்றிய சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது இவ்விடத்தில் பொருந்தும். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உரிமை பிறந்துவிடாது. ஆனால், அப்பட்டியலைத் தன்னிச்சையாகப் புறக்கணிக்கும் உரிமமும் அரசுக்கு இல்லை. காத்திருப்போர் பட்டியலின் ஏழாம் பெயரை எடுக்க வேண்டியிருந்தால் எடுக்கலாம். முதல் ஆறு பேருக்கும் அதன் காரணம் தெரிய வேண்டும்.

சம்பகம் துரைராஜன் வழக்கின் இன்னொரு செய்தி இதனினும் ஆழமானது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இடம் கிடைக்காது என்று விசாரித்தறிந்து, நேரே நீதிமன்றத்தை அணுகினார். அவ்வாறு அணுகும் வாய்ப்பும் வழியும் அவருக்கு இருந்தன. கேட்டாலே கிடைக்கக்கூடிய ஒப்புதலைக் கேட்கலாம் என்பதையே அறியாத மாணவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. எனவே எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம், துறைத்தலைவரைச் சந்திக்கலாம், பட்டியல் காலாவதியாகும் நாளுக்கு மறுநாளும் இடம் உண்டு என்பனவெல்லாம் வீட்டில் ஏற்கெனவே பட்டதாரிகள் இருப்போரிடம் வாய்வழியாகப் புழங்கும் அறிவு. பாலாறு போன்ற எல்லையூரிலிருந்து முதல் தலைமுறையாக வரும் மாணவருக்கு அது எட்டுவதில்லை. எழுதப்படாத விதி, அதனை ஏற்கெனவே அறிந்தவர்க்கு மட்டுமே விதி.

நூறாண்டுச் சேர்க்கை வரலாறு விருப்புரிமையை ஒழித்த வரலாறு அன்று. அது ஒரு கதவை அடைத்தபோதெல்லாம் விருப்புரிமை மறு கதவுக்கு நகர்ந்தது: முதல்வரின் பேனாவிலிருந்து அரசின் 12 இடங்களுக்கு, அங்கிருந்து நேர்முக மதிப்பெண்ணுக்கு, அங்கிருந்து நிர்வாக ஒதுக்கீட்டுக்கு, இப்போது வகுப்பறை வாயிலின் குறியீட்டுக்கு. அடைக்க இயலாத கதவுக்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு; அதன் மேல் பலகை மாட்டுவது. யார் ஒப்புதல் தரலாம், எக்காரணங்களுக்கு, எந்நாள் வரை, இப்பருவத்தில் எத்தனை தரப்பட்டன என்னும் நான்கு வரிகளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் புதிய சட்டமோ மென்பொருளோ வேண்டியதில்லை. 1951-இல் அந்த 12 இடங்களுக்கு அப்படியொரு பலகை இருந்திருந்தால், அவை யாருக்குச் சென்றன என்பதையும் அத்தீர்ப்பு நமக்குச் சொல்லியிருக்கும்.